பொதோகார் வீட்டுக்காரர்

"ஞாயித்துக்கிழமை பனிச்சறுக்குப் போட்டி. காலையில மேட்டுக்கு வந்துடுங்க, பொதோகார் அண்ணே. முதல் குதி உங்களோடதுதான்" என்று சொல்லிவிட்டு, ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவர் சிரில் காலணியில் ஒட்டியிருந்த பனியை வாசலில் உதறினார்.

லிவியோ பாதி துடைத்த மூக்குக்கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டார்.

"குதியா? நானா? என் பேர் பாபுதெர்ங்க."

"அது சர்க்கார் காகிதத்துல இருக்கட்டும். குடியிருக்கிறது பொதோகார் வீட்டுல. அப்ப நீங்க யாரு?"

ரோவ்னிட்சாவில் இதற்கு மேல் வாதாட இடமில்லை. அந்த மலையூரில் பெயர் என்பது வீட்டுக்கு உரியது. யார் வந்து குடியேறினாலும் வீட்டின் பெயர் அவர் முதுகில் ஏறிக்கொள்ளும். லிவியோ கடற்கரை ஊரான இசோலாவிலிருந்து வந்து, இந்த வீட்டை வாங்கி, அடிவாரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வந்த மறுநாளே அஞ்சல்காரர் முதல் பாதிரியார் வரை எல்லாருக்கும் அவர் பொதோகார் ஆகிவிட்டார்.

பொதோகார் என்றால் லேசுப்பட்ட பெயரா? மூன்று தலைமுறையாகப் பனிச்சறுக்குத் தாண்டலில் கொடிகட்டிப் பறந்த குடும்பம். சாராயக் கடைச் சுவர் முழுக்க அவர்கள் அந்தரத்தில் பறக்கும் படங்கள்தான். அப்படிப்பட்டவர்கள் திடீரென்று தலைநகர் லுப்லியானாவுக்குப் போய், இந்த அருமையான வீட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஏதோ கோளாறு இருக்கவேண்டும் என்று லிவியோ கூரை, உத்திரம், கிணறு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். ஒரு குறையும் இல்லை.

குறை லிவியோவிடம்தான். நாற்காலி மேல் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். வீட்டில் பல்பு மாட்டுவது மனைவி நெவென்காதான்.

"முடியாதுன்னு சொல்லிடேன்" என்றாள் நெவென்கா.

"எப்படிச் சொல்றது? கேக்காமயே விறகு அடுக்கிக் கொடுத்தாங்க. நாம எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வாசல் பனியை வாரிட்டுப் போறாங்க. உன்னைக் கோயில் பாட்டுக் கூட்டத்துல முன்வரிசையில நிக்க வெச்சாங்க."

அந்த முன்வரிசை நெவென்காவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இசோலாவில் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரனுக்குக்கூட அவர்கள் பெயர் தெரியாது. இங்கே அடுத்தவர் பெயரைச் சொல்லியாவது வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். அதை இழக்க இருவருக்கும் மனமில்லை.

லிவியோ நைச்சியமாக நழுவப் பார்த்தார். "என்கிட்ட சறுக்குப் பலகையே இல்லையே" என்று கடைத்தெருவில் நாலு பேர் காதில் விழும்படி வருத்தப்பட்டார்.

மறுநாள் காலை கதவைத் திறக்க முடியவில்லை. வாசலில் ஊரிலுள்ள பலகையெல்லாம் சாத்தியிருந்தது.

அடுத்து முழங்கால் வலி. நொண்டிக்கொண்டே ரொட்டி வாங்கப் போனார். பொழுது சாய்வதற்குள் மாட்டு வைத்தியர் ஸ்லாவ்கா ஒரு டப்பாவோடு வந்துவிட்டாள்.

"காலை நீட்டுங்க. இது குதிரைக்குப் போடற தைலம்."

"ஐயோ, எனக்கு எதுக்கும்மா?"

"குதிரையே வாயை மூடிக்கிட்டு நிக்கும். நீங்க என்ன இந்தக் கத்து கத்துறீங்க!"

தைலம் நாறிய நாற்றத்தில் நெவென்கா தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். ஆனால் உண்மையிலேயே பல வருஷமாக இருந்த ஒரு முழங்கால் பிடிப்பு அதில் விட்டுப்போனது. லிவியோவால் நொண்டவும் முடியவில்லை.

சரி, உண்மையையே சொல்லிவிடலாம் என்று சாராயக் கடைக்குப் போனார். பிளம் சாராயம் ஒரு மடக்குக் குடித்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. நான் பொறந்ததுலேர்ந்து குதிச்சதே கிடையாது. எனக்கு உயரம்னா பயம். சத்தியமாப் பயம்!"

மேசைகள் அதிரக் கடை முழுக்கச் சிரிப்பு.

"டேய், கேட்டீங்களாடா? பெரிய பொதோகார் வருஷாவருஷம் இதையேதான் சொல்வாரு, அச்சு அசல் இதே வார்த்தை!" என்று சிரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிட்டுப் போய் எல்லாரையும் மண்ணைக் கவ்வ வைப்பாரு. அண்ணே, நீங்க பொதோகாரேதான்!"

அன்றைக்கே பள்ளத்தாக்கு வானொலியில் செய்தி சொன்னார்கள்: பொதோகார் வீடு மறுபடி குதிக்கிறது.

இனி ஒரே வழிதான். லிவியோ லுப்லியானாவுக்குத் தொலைபேசியில் பேசினார். எடுத்தது சாட்சாத் பெரிய பொதோகார், விங்கோ.

"ஐயா, உங்க வீட்டை வாங்கின லிவியோ பேசறேன்..."

அந்தப் பக்கம் குரல் பதறியது. "வீட்டைத் திருப்பிக் கொடுக்கப்போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

"ஐயையோ, இல்லைங்க. வீடு தங்கம். ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு. நீங்க வரணும். இது உங்க பேரு, உங்க மேடு. நான் எங்கே, நீங்க எங்கே!"

"அப்பாடா! போட்டியா? வர்றேன். குடும்பத்தோட வர்றேன்."

லிவியோவுக்கு உயிர் வந்தது. பெரியவர் வருகிறார் என்று ஊரெல்லாம் சொன்னார். அந்தச் சொல் மலை தாண்டிப் போய், ஞாயிறன்று அக்கம்பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் மேட்டடியில் கூடிவிட்டன. மாட்டு மணிகள் அடித்தன. சாசேஜ் வெந்தது. தீயணைப்பு வண்டியின் மேல்கூட ஆட்கள்.

விங்கோவும் வந்தார். மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், மடக்கு நாற்காலி, கம்பளி, கையில் பெரிய மாட்டு மணி. எல்லாம் இருந்தது. சறுக்குப் பலகை மட்டும் இல்லை.

"ஐயா, உங்க பலகை?"

"எனக்கு எதுக்கு? நான் இப்ப லுப்லியானாக்காரன்" என்று விங்கோ கடுகுச் சட்னியில் சாசேஜைத் தோய்த்தார். "குதிக்கிறது வீட்டுக்காரர்தான். எப்பவும் அப்படித்தான்."

அவர் மகன்கள் மூவரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் இருந்த உற்சாகம் லிவியோவுக்குப் பிடிக்கவில்லை.

மேலே ஏறும்போது லிவியோ படிகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். உச்சியில் நின்று ஒரு தடவை கீழே பார்த்தார். கூட்டத்தில் நெவென்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். அவளைச் சுற்றிப் பாட்டுக் கூட்டத்துப் பெண்கள் "பொதோகார்! பொதோகார்!" என்று ராகம் போட்டுக் கத்தினார்கள். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சிரில் அன்பாக முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

லிவியோ போய்விட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா!" என்று அலறிக்கொண்டே விளிம்பைத் தாண்டினார். பறந்தார் என்று சொல்ல முடியாது. விழுவதற்குக் கொஞ்சம் தாமதித்தார், அவ்வளவுதான். ஆனால் விழுந்தது காலில். அப்படியே சறுக்கிக்கொண்டு போய் விங்கோவின் மடக்கு நாற்காலிக்கு முன்னால், பனியில் மெத்தென்று உட்கார்ந்தார். கண்ணாடிகூட மூக்கிலேயே இருந்தது.

மாட்டு மணிகள் காதைப் பிளந்தன. அளந்து பார்த்ததில் அன்றைக்கு அதுதான் ஆகக் குறைந்த தூரம் என்று பிற்பாடு தெரிந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நெவென்கா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ஸ்லாவ்கா முழங்காலைத் தடவிப் பார்த்து, "நம்ம தைலம்!" என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். லிவியோவுக்கு மனசு நிறைந்து போயிருந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருந்தது போல் தோன்றியது.

"என்ன இருந்தாலும் உங்களை மாதிரி வருமா? உங்களுக்கெல்லாம் ரத்தத்துலயே ஊறினது" என்றார் விங்கோவிடம்.

விங்கோ சாசேஜைக் கூர்ந்து பார்த்தார். வால்நட் ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ஸோஃபியா, ஒரு துண்டை லிவியோவின் கையில் வைத்தாள்.

"ரத்தமாவது ஒண்ணாவது! இவரோட தாத்தா வெளியூர்லேர்ந்து வந்து அந்த வீட்டை வாங்கின தையல்காரர். 'மாட்டேன்'னு சொல்லத் தெரியாம குதிச்சாரு. அவர் மகனும் அப்படியே, இவரும் அப்படியே. பின்னே அவ்வளவு நல்ல வீட்டை அந்த விலைக்கு எதுக்குத் தம்பி உங்க தலையில கட்டினோம்?"