அம்மா பெயரில் இரண்டு நட்சத்திரம்

பத்தொன்பது வயதுப் பையனுக்கு வரக்கூடிய வியாதிகளில் இசை ரசனையைப் போல அசிங்கமானது வேறொன்றும் இல்லை. எனக்கு அது முற்றிப்போயிருந்தது. சூரிச் கடைகளில் பழைய இசைத்தட்டுகளாகத் தேடி வாங்கி அறையில் அடுக்குவேன். போட்டுக் கேட்கிற இயந்திரம் என்னிடம் இல்லை. (வாங்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை. அடுக்கினால் போதாதோ?) கோடையிலும் கறுப்புக் கோட்டு. யாராவது ஒரு பாட்டை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இரக்கத்தோடு சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கு அப்போதே யாராவது கன்னத்தில் ஒன்று போட்டிருக்கலாம்.

அந்த வருடம் லண்டனில் இருக்கும் என் மாமாவின் மகன் கஜன், மூன்று வெள்ளைக்காரப் பெடியன்களோடு சேர்ந்து ரொக் இசைக்குழு நடத்தி, முதல் ஆல்பத்தை வெளியிட்டான். குழுவின் பெயரைச் சொல்லமாட்டேன். மழையில் நனைந்த ஏதோவொரு வீட்டுத் தளபாடத்தின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கஜன்தான் பாடகன்.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். தன் புது வீட்டுக் குடிபூரலுக்கு அவர் போன் எடுத்துச் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் கார்ட் அனுப்பிவிட்டார் என்பதற்காக, இருவரும் வருடக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். என் தங்கை பெரியபிள்ளை ஆனதும் அம்மாதான் இறங்கிவர வேண்டியதாயிற்று. தாய்மாமன் வந்து தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்க்காமல் சாமத்தியவீடு செய்தால், சுவிஸிலுள்ள சனம் சாகும்வரை அதையே கதைக்கும். மண்டபம் எடுத்தாகிவிட்டது, வீடியோக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. மாமாவும் வருவதாக ஒத்துக்கொண்டார். போனை வைக்கும்போது மட்டும், "பெடியன்ர ஆல்பத்துக்கு சுவிஸில இருக்கிற எங்கட ஆக்களை நாலு நல்ல அபிப்பிராயம் போடச் சொல்லு தங்கச்சி" என்றார். அம்மா அதைச் சீதனம் பேசினது போல எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

ஒரே கிழமையில், ஆல்பம் விற்கிற இணையத்தளத்தில், ஜெனீவாவிலிருந்து திரிம்பாக் வரை எங்கள் சொந்தம் முழுவதும் பிரித்தானிய ரொக் இசையின் நிபுணர்களாகிவிட்டது. "பிள்ளை நல்லா வரவேணும், முருகன் துணை." "இன்னும் கேட்கவில்லை, மிகவும் அருமை." ஒரு சித்தப்பா பொதி பத்திரமாக வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தார். (மனுசன் ஆல்பத்தை வாங்கவே இல்லை.) எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். ஒரு பெரியம்மா மட்டும் போன் எடுத்து, "அஞ்சுதானோ இருக்கு? ஆறு போட ஏலாதோ?" என்று கவலைப்பட்டார். இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஆறுதான் முழுப் புள்ளி. ஐந்து எடுத்துக்கொண்டு வந்த பிள்ளையை அவர் வீட்டில் யாரும் பாராட்டியது கிடையாது.

ஆங்கில ரசிகர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இந்த இசையில் செங்கல்லின் தனிமை இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் நான்காவது பாட்டைக் கேட்டுவிட்டு வேலையை விட்டுவிட்டாராம். இத்தனை மடையர்களுக்கு நடுவில் உண்மை பேச நான் ஒருவன்தான் மிச்சம் என்று எனக்குப் பட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா தன் டாப்லெட்டை என்னிடம் தந்தார். "என்ர பேரில நல்லாயிருக்கு எண்டு போட்டு விடு" என்று சொல்லிவிட்டு, உடுப்புக் கூடையோடு கட்டடத்தின் சலவை அறைக்கு இறங்கினார். (அன்று எங்கள் முறை. தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை ஊத்தை உடுப்புத்தான்.) அம்மாவுடையது ஒரு வரிதானே, முதலில் என்னுடையதை எழுதுவோம் என்று, என் புனைபெயரில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு தொடங்கினேன்.

ஆங்கிலத்தில், சட்டத்தரணி மாதிரி எழுதினேன். பாடகருக்கு மூக்கடைப்பு மாறும்வரை ஒலிப்பதிவைத் தள்ளிப்போட்டிருக்கலாம். பஸ்ஸுக்குக் காத்து நிற்பதைப் பற்றிய ஏழாவது பாட்டு முடிவதற்குள் எங்களுக்கும் பஸ் போய்விடுகிறது. இவர்களுடைய சோகம் மூன்று நேரமும் தின்று கொழுத்த சோகம். இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் உண்மை சொல்ல ஒருவரும் இல்லைப் போலும். இரண்டு நட்சத்திரம். (ஒன்று போட மனம் வரவில்லை, சொந்தமெல்லோ.)

எங்கள் வீட்டில் எல்லா இணையக் கணக்கும் அம்மாவின் பெயரில்தான் இருக்கும். அவற்றைத் திறந்து கொடுத்த பிள்ளை நான்தான். அந்த அறிவுக்கொழுந்துக்கு அந்த நேரம் அது ஞாபகம் வரவில்லை. தேர்த்திருவிழாவில் பட்டுச்சேலையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் அம்மாவின் படத்துக்குக் கீழே என் விமர்சனம் போய் உட்கார்ந்தது.

திங்கள் பின்னேரம் மாமா போன் எடுத்தார். அம்மா விழாவுக்குப் பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்ததால் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"யோகம், நீ எழுதினதைப் பெடியன் வாசிச்சிட்டான்."

"சந்தோசம் அண்ணை" என்றார் அம்மா. "மனசில பட்டதைத்தான் எழுதினனான்."

"மனசில அப்பிடியோ பட்டது?"

"பின்னப் பொய்யோ எழுதுவன்? இங்க சனமெல்லாம் அதைத்தானே சொல்லுது."

மாமா, "மூண்டு நேரமும் திண்டு கொழுத்தது எண்டதை வாசிச்சிட்டு என்ர மனிசி அழுதுகொண்டிருக்கிறா. டிக்கெட் விசயம் அவவோட கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார். எங்கள் ஆட்கள் கதைச்சிட்டுச் சொல்லுறன் என்றால் வரமாட்டேன் என்றுதான் அர்த்தம்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொல்ல வைத்தார். பதின்மூன்று வயதுத் தங்கை அறைக் கதவில் நின்று, "அப்ப என்ர விழா இல்லையோ?" என்று கேட்டு அழத் தொடங்கினாள். மாமாவுக்குப் போன் எடுத்து, எழுதியது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வாயைப் பொத்து" என்றார் அம்மா. "நீ எழுதினது எண்டால் பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் எண்டு லண்டன் மச்சாள் ஊரெல்லாம் சொல்லுவா. நான் சொல்லச் சொல்ல நீ இங்கிலிசில எழுதினது எண்டால் வெறும் எரிச்சல். எரிச்சல் எல்லாருக்கும் இருக்கிறதுதானே. அந்தப் பாட்டுகளைப் போடு."

முழு ஆல்பத்தையும் டாப்லெட்டில் போட்டேன். அம்மா மிச்சப் பணியாரத்தைச் சுட்டபடி, ஒரு பாட்டுக்கும் முகம் மாறாமல் கேட்டார். முடிந்ததும் நேரே கஜனுக்குப் போன் எடுத்தார்.

"கஜன், சூரிச் மாமி கதைக்கிறன். பாடேக்க உனக்குத் தடிமனோ?"

"ஓம் மாமி" என்றான் கஜன். "ஸ்ரூடியோ அண்டைக்குத்தான் கிடைச்சது. தடிமனோடதான் பாடினனான்."

"ஆவி பிடிச்சிருக்கலாமே அப்பு. அந்த பஸ் பாட்டும் நீளம். மற்றதெல்லாம் இருந்து கேக்கலாம்."

"மாமி, நீங்கள் முழுசாக் கேட்டனீங்களோ?"

"கேக்காமல் எழுதுறதோ?" என்றார் அம்மா, கண்ணும் இமைக்காமல்.

"அப்பா ரெண்டாவது பாட்டோட நிப்பாட்டிட்டார்" என்றான் கஜன். "எல்லாரும் அஞ்சு போட்டவை மாமி. ஒருத்தரும் கேக்கேல்லை."

அடுத்த நாள் கஜனே எல்லாருக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். மாமா வந்தார், தேங்காய் உடைத்தார், தங்கைக்குத் தண்ணீர் வார்த்தார். மாமாவின் மனைவி மட்டும் இன்றுவரை எங்கள் வீட்டில் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகு கஜன் புதுப்பாட்டு எதையும் முதலில் அம்மாவுக்குத்தான் அனுப்புகிறான். அம்மா சமைத்துக்கொண்டே கேட்டுவிட்டுக் குரல் செய்தி போடுகிறார். அது வரும்வரை குழுவிலுள்ள மற்ற மூன்று பேரும் சாப்பிடாமல் இருக்கிறார்களாம். சொந்தத்தில் யாராவது புதிதாகக் கறி வைத்தாலும் பிள்ளை மேடையேறினாலும், "விமர்சகரிட்டைக் காட்டினியளோ?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன வருடம் லண்டனில் அவர்களுடைய கச்சேரிக்குப் போயிருந்தேன். கஜன் என்னை மேடைக்குப் பின்னால் கூட்டிப்போய், விமர்சகரின் மகன் என்று அறிமுகம் செய்தான். மூன்று பேரும் எழுந்து நின்று கை தந்தார்கள். ட்ரம்ஸ் அடிப்பவன், புதுப்பாட்டுகளைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று மரியாதையாகக் கேட்டான். வருடக்கணக்காகத் தொண்டைக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மேலே வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கஜன் என் தோளில் அன்பாகக் கைபோட்டு, "இவனை விடுங்கள், பாவம், இவனுக்கு இசையில் அவ்வளவு ஈடுபாடில்லை" என்றான்.