ஜெபதுரை வருஷத்துத் தேரைகள்

சேசு மரி சூசை துணை

வட்டக்கானல்
22-10-1984

அன்புத் தம்பி ஜெபதுரைக்கு, அக்கா அருள்மேரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் மூன்று ஆடுகளும் சுகம். உன் சுகம் உன் மகள் அமலி எழுதினால்தான் தெரியும். நீ கடைசியாக எழுதியது எழுபத்தொன்றில், அதிலும் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தாய்.

போன ஞாயிறு நான் பூசைக்குப் போன நேரம் பார்த்து, கீழே உன் ஊர் பேத்துப்பாறையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து, நம் இருவருக்கும் பொதுவான ஊற்றுச் சகதியை வடியவிட்டு உருளைக்கிழங்கு போட வாய்க்கால் வெட்டியிருக்கிறாய். மழை விரட்டியதால் பாதியோடு போனாய். அந்த வாய்க்காலை இந்த வாரமே வந்து மூடு. ஏனென்றால் அங்கே தேரை இருக்கிறது. சிரிக்காதே. மதுரையில் ஆராய்ச்சி செய்கிற ஞானவேல் என்பவர் இரண்டு மாதமாக இந்தத் தேரைக்காகக் கல் கல்லாகப் புரட்டுகிறார். பாதிப் பாக்களவுதான் இருக்கும், குதிக்காது, நடக்கும். குளிர்ந்த மேல்மலையில் ஈரக் கல்லுக்கடியில்தான் பிழைக்கும். உன் வீட்டுக் கொல்லையில் கத்துவது வேறு. முன்பு எங்கெங்கே, எந்த வருஷம் பார்த்தேன் என்று கேட்டார். நம் சித்தப்பா மகன் லூர்துசாமி கல்யாணப் பந்தியில் எனக்குக் கோழிக் கழுத்தை மட்டும் வைத்த வருஷம், திரும்பி வரும் வழியில் கோயில் ஓடை முழுக்க இருந்தது. பக்கத்து வீட்டு அடைக்கலமேரி என் அம்மிக்குழவியை இரவல் வாங்கி உடைத்த வருஷம், மேட்டில் பைன் மரம் நட்டார்கள், அதன் பிறகு அந்த ஓடை வற்றி ஒன்றுகூட இல்லை என்றேன்.

"அது அறுபத்தேழுங்களா பாட்டி?"

"அறுபத்தெட்டு. அறுபத்தேழு எந் தம்பி வருசம். எம் மக கல்யாணத்துக்கு வந்துட்டுக் கை நனைக்காமப் போனான்."

அவர் வன ஆபீசுக்குப் போய் மரம் நட்ட பழைய கணக்கைப் பார்த்து வந்தார். என் கோபத்தில் ஒரு வருஷம்கூடப் பிசகவில்லையாம்! இத்தனை காலம் நீங்கள் எல்லோரும் மறந்துவிடு, மறந்துவிடு என்றீர்கள். இவர் ஒருவர்தான் "மறந்துடாதீங்க பாட்டி, நான் எழுதி முடிக்கிற வரைக்கும்" என்றார். மனது நிறைந்துவிட்டது. நான் சொன்ன இடங்களில் இப்போது தேரை மிச்சமிருப்பது நம் ஊற்று ஒன்றில்தானாம். அது வடிந்தால் அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது, எனக்கும் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆகவே மூடு.

அமலிக்கு என் முத்தம். மாதா உன் முழங்காலுக்குப் பலத்தையும் உன் மண்வெட்டிக்குப் புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
அருள்மேரி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஞானவேல் உன் வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, "பாட்டி, வெரசா வாங்க, முட்டை போட்டிருக்கு!" என்று கத்தினார். பார்த்தேன். நீ வெட்டிய பள்ளத்தில் தேங்கின தண்ணீரில், கறுப்பு ஜெபமாலை மாதிரி நீளமாகக் கிடக்கிறது. அவ்வளவு பெரிய ஊற்றை விட்டுவிட்டு அதுகளுக்கு உன் பள்ளம்தான் பிடித்திருக்கிறது. ஆகவே மூடாதே. மேற்கொண்டு வெட்டவும் வெட்டாதே. எதையும் அரைகுறையாய் விட்டுப் போகிற உன் குணத்தை இன்றுதான் முதல் தடவையாக மெச்சுகிறேன். ஞாயிறு பூசை முடிந்து வா, கோழி அடிக்கிறேன். மண்வெட்டியோடு வந்தால் கோழியை அவிழ்த்து விட்டுவிடுவேன்.