மேஜரின் மூன்றாவது கால்

மேஜர் ஐந்து மணிக்கு எழுந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பஞ்சு உறையை இழுத்து மாட்டிச் சுருக்கத்தை நீவினார். செயற்கைக் காலைப் பொருத்தினார். பட்டையை இறுக்கினார். கால்சட்டையைப் போட்டுக்கொண்டார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்து, இரண்டு டம்ளர் கழுவினார். ஐந்தரைக்கு அவள் எழுந்து வந்தபோது, இரண்டு கால் உள்ள ஒரு மனிதர் ஜன்னல் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி நான்கு வருடமாக இப்படித்தான். கால் இல்லை என்பது அவளுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே தெரியும். ஆனால் கழற்றிய நிலையில் அவரை அவள் பார்த்ததில்லை. விளக்கை அணைத்த பிறகு கழற்றுவார், விடியும் முன் மாட்டிவிடுவார். அவளும் கேட்டதில்லை. தையற்கடையில் துணி வெட்டுகிற வேலை அவளுக்கு. அவருக்கு வெட்டும் கால்சட்டையில் இடது கால் மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கும். அவர் அளவு கொடுத்ததே இல்லை.

மேஜர் என்பது தெரு கொடுத்த பதவி. ராணுவத்தில் அவர் லாரி ஓட்டினார். ஒருநாள் லாரியின் முன்சக்கரம் ஏறக்கூடாத இடத்தில் ஏறியது. லாரி போயிற்று, முழங்காலுக்குக் கீழே இடது கால் போயிற்று. எழுந்து நடக்கப் பழகியபோது முன்பைவிட நேராக நடந்தார். அந்த நடையைப் பார்த்துத்தான் புதுத்தெரு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. கால் விஷயம் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

வீடு வாங்கி ஏழு மாதம். இரண்டு அறை, ஒரு சமையலறை, மேசை நாற்காலியைவிட வெளிச்சம் அதிகம். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. வெறுங்காலோடு கூடத்தில் நடக்கிறார். இரண்டு காலும் இருக்கிறது. தரை சில்லென்று இருக்கிறது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் இடது கால் விரல்களில் அந்தச் சில்லிப்பு மிச்சமிருக்கும்.

அன்றைக்கு அவர் சட்டைப்பையில் வங்கியின் கடிதம் இருந்தது. அடமானக் கடன் கொடுத்த வங்கி, வீட்டின் சொத்து வரியையும் அடுத்த மாதத்திலிருந்து தவணையோடு சேர்த்துப் பிடிக்கப் போகிறதாம். சேர்த்துப் பிடித்தால் பென்ஷன் பற்றாது. மூன்று தவணை தவறினால் வீடு வங்கிக்கு. தப்பிக்க ஒரு வழியும் அதே கடிதத்தில் இருந்தது. பணியில் உறுப்பை இழந்த முன்னாள் ராணுவத்தினர் சொந்த வீட்டில் குடியிருந்தால் வரி முழுக்கத் தள்ளுபடி. நகராட்சியின் உத்தரவை மாதக் கடைசிக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும். பன்னிரண்டு நாள் இருந்தது.

நகராட்சி அலுவலகத்தில் நான்காம் ஜன்னலில் ஒரு குமாஸ்தா இருந்தார். மின்விசிறி மெதுவாகச் சுற்ற, மேசை மேலிருந்த காகிதங்கள் தூங்குகிறவர்களின் மார்பைப்போல ஏறி இறங்கின. குமாஸ்தா முதலில் வீட்டின் அசல் பத்திரத்தைக் கேட்டார். அது அடமானத்தில் இருக்கிறது என்றார் மேஜர். அப்படியானால் வங்கி முத்திரை போட்ட நகல் வேண்டும் என்றார் குமாஸ்தா. அதற்கு மூன்று நாள் போயிற்று.

நகலோடு திரும்பியபோது குமாஸ்தா ராணுவ ஆஸ்பத்திரியின் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார்.

"இது ஏழு வருஷத்துக்கு முன்னாடி கொடுத்தது சார். கால் இல்லேன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இப்போதைய நிலவரம் என்னன்னு தெரியணுமே."

மேஜர் அவரைப் பார்த்தார். குமாஸ்தாவின் முகத்தில் கிண்டல் துளிகூட இல்லை.

"அப்புறம் வளரலீங்க," என்றார் மேஜர்.

"நான் நம்பறேன் சார். ஃபைல் நம்பணும்ல? நீங்க வாசல்லேருந்து நடந்து வந்ததை நானே பார்த்தேன். என்னைவிட நல்லா நடக்கறீங்க."

இங்கேயே கழற்றிக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றும் அவர் சொன்னார். மேஜர் திரும்பிப் பார்த்தார். வரிசையில் பதினாலு பேர். அதில் இரண்டு பேர் அவருடைய தெரு. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி, வந்ததைவிட நேராக நடந்து வெளியேறினார்.

அன்றைக்குப் பரணிலிருந்து ஒரு பழைய பையை இறக்கினார். உள்ளே ஆஸ்பத்திரியில் முதன்முதலாகக் கொடுத்த கால் இருந்தது. கனமான கால். கீழே இன்னும் அந்தக் காலத்து ராணுவ பூட்ஸ். போட்டிருக்கிற காலைக் கழற்றாமலே, கால் இல்லை என்பதற்குச் சாட்சியாக இதைக் காட்டலாம் என்று தோன்றியது. ராணுவத்தில் உதிரிச் சக்கரத்தைக் காட்டிப் பல சோதனைகளில் தப்பித்தவர் அவர்.

மறுநாள் அந்தப் பழைய காலை ஜன்னலுக்குள் நீட்டினார். குமாஸ்தா அதை இரண்டு கையாலும் வாங்கி, பூட்ஸைத் தட்டிப் பார்த்து, மேசை மேல் நிறுத்தினார். பிறகு எட்டிப் பார்த்து மேஜரின் கால்களை எண்ணினார்.

"உங்ககிட்ட ரெண்டு இருக்கு. இது மூணாவது."

"அதுல ஒண்ணு பொய்க்கால்."

"இருக்கலாம். நான் பார்த்த வரைக்கும் மூணு. ஊனம்னு எழுதச் சொல்றீங்க, இங்க ஒண்ணு கூடுதலா இருக்கு சார்."

ஆனாலும் மனிதர் கடமை தவறாதவர். வந்த பொருளைத் திருப்பி அனுப்ப விதியில்லை என்று சொல்லி, அதன் கட்டைவிரல் இடத்தில் ஒரு சீட்டைக் கட்டி, பின்னாலிருந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். ரசீது கொடுத்தார். 'பூட்ஸுடன் கால் ஒன்று பெறப்பட்டது.' மேஜர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பேருந்தில் போகும்போது, தன் கால் ஒரு அலமாரிக்குள் இருட்டில் தனியாக நிற்பதை நினைத்துப் பார்த்தார். அதற்கும் கனவு வருமா என்று யோசித்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிற்று.

அடுத்து மேலதிகாரிக்கு மனு எழுதினார். இரண்டு பக்கம், ஒரு அடித்தல்கூட இல்லாமல். மேலதிகாரி அதைப் படித்து, நேரில் போய்ப் பார்த்துவர ஆய்வாளர் ஒருவரை அனுப்ப உத்தரவு போட்டார். மேஜருக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே ஒரு ஆளுக்கு என்றால் காட்டிவிடலாம். அதற்குள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

ஆய்வாளர் எப்போது வருவார் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் வீட்டிலேயே காத்திருந்தார். மூன்றாம் நாள் பொறுக்காமல், எப்போது வருவார் என்று கேட்க அலுவலகத்துக்குப் போனார். அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். கடைக்கு விடுமுறை என்பதால் மனைவி மட்டும் இருந்தாள்.

"வந்தாரு, கேட்டாரு, போயிட்டாரு," என்றாள் அவள். மேசை மேல் ஒரு துணியை விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன கேட்டாரு?"

"வழக்கமா கேக்கறதுதான்."

"மறுபடி வருவாரா?"

"வர மாட்டாருன்னு நினைக்கிறேன்," என்றாள். அந்தக் கோட்டை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அவள் கோட்டை அழித்து அவர் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து நான்காம் ஜன்னலுக்குப் போனபோது, குமாஸ்தா எழுந்து நின்றார். அவர் யாருக்காகவும் எழுந்ததில்லை.

"உத்தரவு வந்துடுச்சு சார். வரி முழுக்கத் தள்ளுபடி."

மேஜருக்கு நெஞ்சு லேசாயிற்று. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"நீங்க போடக்கூடாது," என்றார் குமாஸ்தா. "உங்க வீட்டம்மா போடணும். தள்ளுபடி அவங்களுக்குத்தான். விதவைங்கற முறையில."

மேஜர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். மனுதாரர் காலமாகிவிட்டார். அன்னாரின் கால் அலுவலகப் பாதுகாப்பில் உள்ளது. இறப்புச் சான்றிதழை ஒரு மாதத்துக்குள் தரலாம்.

"நான் இங்க நிக்கறேனே."

"எனக்குத் தெரியும் சார். அஞ்சு தடவை வந்திருக்கீங்க. ஆனா ஆய்வாளர் அறிக்கை எனக்கு மேல. ஃபைல்ல நீங்க இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்படியோ காரியம் முடிஞ்சுது. இப்படியே விட்டுடுங்களேன்," என்றார்.

தட்டச்சுக்காரன் எவனோ அறிக்கையில் ஒரு வரியை மாற்றி அடித்துவிட்டான் என்று மேஜர் நினைத்தார். அவருக்கும் ஒரு நிமிடம் இப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. செத்துப்போனவன் காலைக் காட்ட வேண்டியதில்லை. வெளியே வெயிலில் நடந்தபோது, தன் நிழலில் இரண்டு காலும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. இதமாகத்தான் இருந்தது.

ஆனால் அடமான வீடு என்பதால் உத்தரவின் நகல் நேராக வங்கிக்கும் போயிருந்தது. வங்கியில் பணம் எடுக்கப் போனவரிடம், கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். இறந்தவர் பென்ஷன் வாங்க முடியாதாம். கடன் பிரிவில் இருந்த பெண், கண்ணைக் கணினியிலிருந்து எடுக்காமல், அவருடைய மறைவுக்கு அவரிடமே வருத்தம் தெரிவித்தாள். பென்ஷன் வராவிட்டால் தவணை தவறும். மாதக் கடைசிக்குள் நகராட்சி உத்தரவைத் திருத்தி, உயிரோடு வந்து சரிசெய்யச் சொன்னாள்.

மாதக் கடைசிக்கு ஒரு நாள்தான் இருந்தது. மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. புருஷன் செத்துப்போனதாகக் காகிதம் வந்திருக்கிறது என்று கேட்டால் எந்தப் பெண்ணும் பதறிவிடுவாள். அந்த நாட்களில் அவள் அவர் தட்டில் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகப் பரிமாறினாள்.

கடைசி நாள் குமாஸ்தா விதிப்புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். காலமானவர் நான்தான் என்று ஒருவர் வந்து சொன்னால், ஃபைலில் உள்ள ஆள்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். ஃபைலில் உள்ள ஆளுக்கு இடது கால் இல்லை. ஆக, காலைக் கழற்றிக் காட்ட வேண்டும். மேலதிகாரி முன்னால், பொதுமக்கள் இரண்டு பேர் சாட்சியாக.

"தனி ரூம் இருக்கா?" என்றார் மேஜர்.

"இருந்துச்சு சார். அதுலதான் அலமாரியெல்லாம் இருக்கு."

மேஜர் நின்றார். இன்றைக்கு வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள், வீட்டுக் கூடத்தில் விழும் காலை வெளிச்சம் நினைவுக்கு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். கால்சட்டையை மேலே சுருட்டினார். பட்டையைத் தளர்த்தினார். காலைக் கழற்றி, ஜன்னல் பலகையில், குமாஸ்தாவின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

மேலதிகாரி எழுந்து வந்து பார்த்தார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக வெளிச்சம் அந்த இடத்தில் பட்டது. மின்விசிறிக் காற்று பட்டது. இல்லாத விரல்கள் ஐந்தும் அந்தக் காற்றை உணர்ந்தன, தண்ணீரில் காலை விட்ட மாதிரி. யாரும் சிரிக்கவில்லை. தெருக்காரர் ஒருவர், சாட்சிக் கையெழுத்துக்கு என்னைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். இன்னொருவர், வரியைப் பற்றி எனக்கும் ஒரு சந்தேகம் மேஜர், என்று மெல்ல ஆரம்பித்தார்.

குமாஸ்தா அலமாரியைத் திறந்து பழைய காலை எடுத்துவந்து புதியதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்தார். பெஞ்சையும் பார்த்தார். விரலால் எண்ணினார்.

"இப்பக் கணக்கு சரியா வருது சார்," என்றார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

நான்கு முத்திரை விழுந்தது. மனுதாரர் உயிருடன் உள்ளார். கால் இல்லை. குடியிருக்கிறார். வரி முழுக்கத் தள்ளுபடி. வங்கி மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு கடன் பிரிவுப் பெண்ணின் மேசையில் உத்தரவை வைத்தார். அவள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

ஒரு கால் உடம்பிலும் ஒரு கால் பையிலுமாகப் பேருந்தில் வந்தார். ஜன்னலுக்கு வெளியே சாயங்காலம் மெதுவாகப் பின்னால் போயிற்று. இதைச் சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தபடி வந்தார். 'நாலு பேர் முன்னாடியா கழட்டினீங்க' என்பாள். 'எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல' என்பாள். அழுதாலும் அழுவாள். சிரித்தாலும் சிரிப்பாள்.

அவள் மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார். மூன்றாவது கால், ரசீது, அலமாரி, வங்கிப் பெண்ணின் இரங்கல், எல்லாம். பெஞ்சில் உட்கார்ந்த இடம் வந்தபோது கத்தரிக்கோல் நின்றது. அவர் சொல்லிக்கொண்டே பட்டையைத் தளர்த்தி, காலைக் கழற்றி, நாற்காலியில் சாய்த்து வைத்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்தாள். அவர் பார்க்க விட்டார்.

"நான் செத்துட்டேன்னு எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான்னா," என்றார் மேஜர். "அந்த ஒரு வரியாலதானே அத்தனை பேர் முன்னாடி கழட்ட வேண்டியதாப் போச்சு."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவர் எதிர்பார்த்த எதையும் அவள் சொல்லவில்லை.

"அந்த ஆய்வாளர், நீங்க வீட்டுல இல்லேன்னதும், ஆபீஸுக்கு வந்து எல்லார் முன்னாடியும் காலைக் கழட்டிக் காட்டணும்னு சொன்னாருங்க," என்றாள். "உங்களால அது முடியாதுன்னுதான், நீங்க செத்துட்டீங்கன்னு நான் சொல்லிட்டேன்."