ஓசி உழைப்பு

"சம்பளம் கிடையாதுன்னா அப்புறம் அதுக்கு வேலைன்னு எதுக்குப் பேர் வெச்சிருக்காங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

கால்நடை மருத்துவம் படிக்கும் மகளுக்கு விடுமுறையில் இரண்டு இடங்களில் பயிற்சி வேலை கிடைத்திருந்தது. நாய்த்தீனி கம்பெனியில் மாதம் பிறந்தால் சம்பளம். பிராணிகள் ஆஸ்பத்திரியில் வேலை மட்டும்தான். மகள் ஆஸ்பத்திரிக்குச் சரி சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

மாஸ்டருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழில். யாரோ வண்டியைச் சுவரில் ஏற்றப் போகும்போது பக்கத்து சீட்டிலிருந்து பிரேக்கை மிதித்தே பழகியவர். சொந்த மகள் சுவரைப் பார்த்துப் போனால் சும்மா இருப்பாரா?

"தீனி கம்பெனில மூட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டணும்ப்பா. ஆஸ்பத்திரின்னா டாக்டர் பக்கத்துலயே நின்னு கத்துக்கலாம்."

"ஓசில உழைக்கிறவனை ஊர்ல ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

"உங்ககிட்ட வண்டி கத்துக்க வர்றவங்களுக்கு நீங்க சம்பளமா குடுக்கறீங்க?"

மனைவி சிரித்துவிட்டாள். மாஸ்டர் எழுந்துபோய்க் கை கழுவினார். வாய்தான் அடங்கியதே தவிர பிடிவாதம் அடங்கவில்லை. சம்பளம் கொடுங்கள், இல்லாவிட்டால் என் மகளை விட்டுவிடுங்கள் என்று டாக்டரிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிடுவது என்று தீர்மானித்து, மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, பேஷன்ட் எங்கே என்று கேட்டாள். தான்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார் மாஸ்டர். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இங்கே நாலு காலுக்குக் குறைந்தால் டோக்கன் கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

விடுவாரா? வீட்டில் எலி என்று மாடிவீட்டு அம்மாவிடம் ஒரு பொய் சொல்லி, அவளுடைய பூனையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். டோக்கன் கிடைத்தது. ஆனால் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாய்களைக் கண்டதும் பூனை பையைக் கிழித்துக்கொண்டு பீரோ உச்சிக்குப் பாய்ந்தது. நாய்கள் ஒரே நேரத்தில் குரைத்தன. கன்றுக்குட்டி உயர நாய் ஒன்று சங்கிலியை உருவிக்கொண்டு அவரை நோக்கி ஓடி வந்தது.

மாஸ்டரின் வலது கால் பழக்கதோஷத்தில் தரையை ஓங்கி மிதித்தது. நாயா நிற்கும்? வேறு வழி தெரியாமல், தினமும் மாணவர்களிடம் சொல்வதையே அதனிடமும் சொன்னார்.

"பதறாத. நேராப் பாரு. மெதுவா... மெதுவா... அப்படித்தான்."

நாய் உட்கார்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன விஷயம் என்று கேட்டார்.

"இங்க சம்பளமில்லாம பயிற்சிக்கு ஆள் எடுக்கறீங்களாமே, அது விஷயமா..."

"பேசலாம். முதல்ல இதை உள்ள கூட்டிட்டு வந்து பிடிங்க. ஊசி போடணும்."

பிடித்தார். அடுத்து ஒரு முயலைப் பிடித்தார். அதற்கடுத்து ஆடு. பேச வாயெடுக்கும் போதெல்லாம் கையில் ஏதோ ஒரு பிராணி வந்து சேர்ந்தது. சாயங்காலம் டாக்டர் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். மாஸ்டர் கைநிறையக் கீறலோடு பூனையை இறக்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற ரத்தம் அல்ல அது. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் கிளட்ச் போய்விட்டது என்றார். சட்டையெல்லாம் ஏன் இப்படி ரோமம் என்று கேட்ட மனைவியிடம், புதிதாகச் சேர்ந்தவன் வீட்டில் நாய் இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் இப்போது டோக்கனுக்குப் பூனை தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணே கதவைத் திறந்துவிட்டு மேலங்கியும் எடுத்துக் கொடுத்தாள். மரியாதை வந்துவிட்டது, இனி பேச்சு எடுபடும் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாய்க்குட்டியின் ஒடிந்த காலுக்கு டாக்டர் கட்டுப் போட்டார். குட்டியைப் பிடித்திருந்த மாஸ்டர் கண்ணிமைக்காமல் பார்த்தார். தீனி மூட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் இதெல்லாம் எங்கே கிடைக்கும்? மகள் சொன்னது சரிதான். ஆனால் சம்பளம் சம்பளம்தான். அவளை விட்டுவிடச் சொல்ல வேண்டாம், இங்கேயே காசு கொடுக்கச் சொல்லிவிடலாம் என்று திட்டத்தைத் திருத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை மகளுக்கு முன்பே போய்விட்டார். டாக்டர் இன்னும் வரவில்லை. வரும்வரை சும்மா நிற்பானேன் என்று ஒரு நாயைக் குளிப்பாட்ட ஆரம்பித்தார். பாதி சோப்பில் வாசல் பக்கம் மகளின் குரல் கேட்டது. இன்று சேரச் சொல்லியிருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் மேலங்கியும் நுரையுமாக, கையில் சொட்டச் சொட்ட நாயோடு ஓடி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் வரவேற்பு மேஜைப் பெண் முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கம்மா, அந்த இடத்துக்கு ஆள் கிடைச்சாச்சு. இதோ, இவர்தான். வந்த நாள்லேருந்து சம்பளம்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல."