தெருவுக்கெல்லாம் சொன்னவன்

"இன்னும் கொஞ்சம் தலையை வெளிய நீட்டுங்க தம்பி. விழ மாட்டீங்க, நான் சட்டையைப் பிடிச்சிருக்கேன்."

டெய்லர் அக்காவின் பிடி வலுவானது. அவன் மாடி ஜன்னலில் பாதி உடம்பைத் தெருப்பக்கம் தொங்கவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"கேக்குதா?"

"இல்லக்கா."

"ம்ம்ம்னு ஒரு உறுமல். நடுவுல புஸ்ஸுனு ஒரு பெருமூச்சு. மறுபடி ம்ம்ம். இதுகூடவா கேக்கல?"

"காக்கா கத்துறது கேக்குது."

"காக்காவைப் பத்தி நான் புகார் குடுத்தேனா?"

அவன் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டான்.

தெருக்கோடியில் ஒரு டேட்டா சென்டர் எழும்பிக்கொண்டிருந்தது. ஊர் உலகம் போனில் பேசுவதும் பார்ப்பதும் வந்து தங்கப்போகும் கம்ப்யூட்டர்களுக்கான கட்டடம். தெருவைவிட நீளம். வெள்ளை நிறம். ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அங்கே என்ன நடக்கப்போகிறது என்பதைத் தெருவுக்கு முன்கூட்டியே சொல்வது அவன் வேலை. லாரி வருமென்றால் சொல்வான். தூசி பறக்குமென்றால் சொல்வான். கட்டடத்துக்காகப் புது மின்சார லைன் இழுத்தபோது, "இனி உங்களுக்கும் கரண்ட் போகாது" என்று வீடு வீடாகச் சொன்னதும் அவன்தான். சொன்னபடியே அதன் பிறகு ஒருமுறைகூடப் போகவில்லை. தெரு அவனுக்குத் 'தகவல்' என்று பேர் வைத்திருந்தது.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. சத்தம் என்று புகார் வந்தால், புகார் சொன்னவர் வீட்டிலேயே இருந்து அவன் தன் காதால் கேட்க வேண்டும். அவனுக்குக் கேட்டால் அது சத்தம். கேட்காவிட்டால் மனப்பிரமை.

"அக்கா, உள்ள இன்னும் ஒரு கம்ப்யூட்டர்கூட வரல. கட்டடம் காலி."

"காலியா இருக்கும்போதே இப்படி மூச்சு விடுதே. ரொம்பின பிறகு?"

அவன் கிளம்பினான். படி இறங்கும்போது அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தம்பி, அவளோட துணி ஒண்ணு தைச்சு இங்கயே கிடக்கு..."

"அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்க்கா."

மனைவி செத்துப்போனதிலிருந்து ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாரக்கணக்கில் கான்கிரீட் மிஷின்கள் கத்திக்கொண்டிருந்தவரை யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வேலை முடிந்து தெரு அமைதியானதும்தான் இந்தப் புகார் கிளம்பியது. கேட்டது இரண்டு மூன்று வீடுகளுக்கு மட்டும். முளையிலேயே கிள்ளிவிட நினைத்து, "சத்தம் எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம்" என்று எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னான்.

"என்ன சத்தம்?" என்று கேட்டார்கள்.

"உறுமல் மாதிரி. நடுவுல ஒரு பெருமூச்சு. ஆனா அப்படி எதுவும் இல்ல."

அன்று சாயங்காலமே தெரு முழுக்கக் கேட்டது.

அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, தானும் மூடிக்கொண்டார்.

"காலமெல்லாம் இன்ஜின்லயே கிடந்தவன் நான். இது இன்ஜின் இல்ல தகவலு. இன்ஜின் வேலை செய்யும். இது தூங்குது."

"எங்க இருந்து வருது சார்?"

அவர் கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டினார். அவன் வீட்டுக் கூரைக்கு மேலே தெரிந்த வெள்ளைச் சுவரை விரல் சரியாகச் சுட்டியது.

"அந்தக் கடைசிக்குப் போகப் போகத்தான் ஜாஸ்தி. கேக்குதா?"

"இல்ல சார்."

"கேக்குதுன்னு சொல்ற வரைக்கும் நீ வீட்டுக்குப் போக முடியாது."

நேரம் போய்க்கொண்டிருந்தது. பசித்தது.

"கேக்குது சார்," என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் அது சத்தம் ஆகிவிட்டது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் தெருவின் வரைபடம் விரிந்திருந்தது.

"உங்க காதாலயே கேட்டுட்டீங்க. இனி கம்பெனி சும்மா இருக்க முடியாது. கடைசி வீட்டை வாங்கி இடிச்சிட்டு, அங்க சத்தத்தைத் தடுக்க ஒரு பெரிய சுவர் எழுப்பிடலாம். யார் வீடு அது?"

"என் வீடு சார்."

"அட, ரொம்ப வசதியாப் போச்சு! பேச்சுவார்த்தையே வேண்டாம்."

அவன் வரைபடத்தில் தன் வீட்டைப் பார்த்தான். ஒரு சின்னக் கட்டம். அதற்குள் அறையெல்லாம் வரைந்திருக்கவில்லை.

"சத்தமே இல்லன்னு நிரூபிச்சுட்டா சார்?"

"நிரூபிங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்."

வீட்டில் அவன் கூடத்து சோபாவில்தான் படுப்பான். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. மாதக்கணக்கில் மூச்சுக்குத் திணறிப் படுக்கையில் கிடந்தவளை ஒரு மத்தியானம் ஆம்புலன்ஸில் ஏற்றிய அவசரத்தில் இழுத்துச் சாத்திய கதவு. அவள் திரும்பி வரவில்லை. அவனும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே எல்லாம் அவள் விட்டபடியே இருக்கும் என்று தெரியும். அது போதும். தெரு என்ன கூச்சல் போட்டாலும் இந்த வீட்டு அமைதி வேறெங்கும் கிடைக்காது என்று நினைத்துக்கொள்வான். படுத்ததும் தூக்கம் வந்துவிடும்.

காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று மறுநாள் தெருக்காரர்களைக் கட்டடத்துக்குள் அழைத்துப் போனான். தலையில் மஞ்சள் தொப்பியோடு வரிசையாக நடந்தார்கள். அந்தக் கோடி தெரியாத வெள்ளைக் கூடம். கம்ப்யூட்டர்கள் நிற்கப்போகும் இடங்களில் தரையில் நீளநீளமாகக் கட்டங்கள் போட்டு எண் எழுதியிருந்தது. டெய்லர் அக்கா ஒன்றையும் மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தாள்.

"ஏங்க்கா குதிக்கிறீங்க?"

"எனக்கென்னவோ ஆள் படுக்குற அளவு மாதிரியே இருக்கு."

அதன் பிறகு எல்லோரும் தாண்டித்தான் நடந்தார்கள்.

நடுக்கூடத்தில் நின்றார்கள். யாரும் மூச்சுவிடவில்லை.

"பாத்தீங்களா? சத்தமே இல்ல," என்றான் அவன்.

"இல்லதான்," என்றாள் அக்கா. அவள் கண் வாசலைத் தேடியது.

ரயில்காரர் அவன் காதருகே வந்தார். "நம்மளைப் பாத்ததும் மூச்சை அடக்கிக்கிச்சு."

அவனுக்கும் அங்கே நிற்க முடியவில்லை. காதில் யாரோ பஞ்சை வைத்து அடைத்தது போலிருந்தது. ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று தெரியவில்லை. உடனே வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது.

ஆள் வந்தால் கட்டடம் மூச்சை அடக்கிக்கொள்கிறது என்ற செய்தி அவர்களுக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. இதை மட்டும் யாருக்கும் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை மேனேஜரிடம் கெஞ்சி, கட்டடத்துக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தவைத்தான். வாசல் விளக்கும் அணைந்தது. தெருவே கேட்டருகே கூடிக் காதைக் கொடுத்தது.

"இப்ப?" என்றான்.

"ம்ம்ம்," என்றார் ரயில்காரர்.

"ம்ம்ம்னா?"

"ம்ம்ம்னு கேக்குதுன்னு சொல்றேன்யா. இந்தா, புஸ்."

"கரண்டே இல்லாம ஓடுது!" என்று யாரோ அலறினார்கள். ஒரு குடும்பம் அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. இத்தனைக்கும் அந்த மருமகனுக்கும் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மேனேஜர் அவன் தோளில் கை வைத்தார். "விடுங்க. திங்கக்கிழமை இடிக்கிற ஆளுங்க அளவெடுக்க வருவாங்க. எல்லா ரூமையும் திறந்து வைங்க."

எல்லா ரூமையும். அவன் தலையாட்டினான். வீட்டுக்கு நடக்கும்போதுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. கால் நின்றுவிட்டது.

டெய்லர் அக்கா வாசலிலிருந்து கூப்பிட்டாள். அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"தம்பி, ஒருவேளை கட்டடம் இல்லாம நம்ம தெரு லைன்லயே இருக்குமோ? ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும்னு சொல்வாங்களே. அதை நிறுத்திப் பாத்தா?"

அவன் அவளைக் கும்பிடாத குறை.

வெள்ளிக்கிழமை காலை லைன்மேன் ஏணியோடு வந்தான். இந்தப் பக்கத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவன். ஏணியில் கால் வைக்கும் முன் கேட்டான்.

"தெரு முழுக்க நிக்கும் சார். எல்லா வீட்டுலயும் சொல்லியாச்சா? சொல்லாம நிறுத்தினா என் வேலை போயிடும்."

"நான் சொல்லாம யார் சொல்வா?" என்றான் அவன். பல நாளுக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. காலையிலேயே ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்லியிருந்தான். பூட்டிப் போன குடும்பத்துக்கும் போன் போட்டிருந்தான். விட்டது தன் வீட்டை மட்டும்தான். அங்கே யாருக்குச் சொல்வது?

தெரு முழுக்க வெளியே நின்றது. மேனேஜரும் வந்திருந்தார். லைன்மேன் மேலே ஏறி எதையோ இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம்.

தெருவில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகளெல்லாம் சுழன்று சுழன்று நின்றன.

ரயில்காரர் கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். திறந்தார்.

"நின்னுடுச்சு."

"நிஜமாவா?"

"நின்னுடுச்சுய்யா! மூச்சு நின்னுடுச்சு!"

டெய்லர் அக்கா கைதட்டினாள். யாரோ விசிலடித்தார்கள். மேனேஜர் போனை எடுத்து, "இடிக்கிற ஆளுங்களை வர வேண்டாம்னு சொல்லுங்க. இது கட்டடமே இல்ல, தெரு லைன்தான்," என்றார். அறை தப்பித்தது. இனி அந்தக் கதவை யாரும் திறக்க மாட்டார்கள்.

அவன் மட்டும் கைதட்டவில்லை. காதில் மறுபடியும் பஞ்சை வைத்து அடைத்தது போலிருந்தது. அந்த வெள்ளைக் கூடத்தில் வந்த அதே உணர்வு. இத்தனை நாள் கேட்காத ஒன்று, நின்றுபோனதும் அவனுக்கு முதல் தடவையாகக் கேட்டது.

அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து ஒரு மெல்லிய ஓசை கிளம்பியது. பீப். பீப். பீப்.

விசில் நின்றது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கட்டடத்தின் பக்கம் அல்ல. அதற்கு முந்தின வீட்டுப் பக்கம். அக்காவின் கைகள் தட்டிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டன.

கரண்ட் நிறுத்துகிற இடங்களில் அந்த ஓசையைக் கேட்டுப் பழகிய லைன்மேன் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"எல்லா வீட்டுலயும் சொல்லியாச்சுன்னீங்களே சார், அந்தக் கடைசி வீட்டுல யாருக்கோ ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கிட்டிருக்கு, கரண்ட் இல்லாம அது கத்துது பாருங்க, அவங்களுக்கு ஏதாவது ஆகறதுக்குள்ள லைனைக் குடுத்துரட்டுமா?"