ஸ்லோ மாஸ்டரின் அக்கோடியன்

பாட்டு என்ற ஒன்று உண்டான நாளிலிருந்து, அதை எங்கள் ஸ்லோ மாஸ்டர் அளவுக்கு மெதுவாக வாசித்தவர் உலகத்தில் எவரும் இல்லை. பதுளையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மறுத்துப் பேச ஒருவரும் வரமாட்டார்.

தொழிலில் அவர் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் டிரைவர். மலைப்பாதையில் அவர் லொறி வருகிற சத்தம் கேட்டாலே எதிரே வரும் பஸ்கள் ஓரங்கட்டிவிடும். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அக்கோடியன் பெட்டியைத் தோளில் மாட்டினால், பூசை முடிவதற்குள் வீட்டில் வைத்த சோறு குழைந்துவிடும்.

காரணம் விசித்திரமானது. அவர் தாளத்தைப் பார்த்து வாசிக்கமாட்டார். பாடுகிறவர்களின் மூச்சைப் பார்த்து வாசிப்பார். யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவருக்காகப் பாட்டு நின்று காத்திருக்கும். பண்டாரவளையில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்குப் பின்னால் முழங்கால் வலியோடு மூச்சு வாங்க ஒரு பெரியம்மா வந்தார். மாஸ்டர் பெண்ணை விட்டுவிட்டுப் பெரியம்மாவுக்கு வாசித்தார். பெண் பீடத்தை அடைவதற்குள் ஃபாதர் கொட்டாவி விட்டார், மாப்பிள்ளை உட்கார இடம் தேடினார்.

பாடகர் குழுவின் தலைவர் என் அப்பா. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தாளம் தப்பினால் அவருக்குச் சோறு இறங்காது. மறுநாளே மாஸ்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

“ஏன்டா, நீ பாட்டு வாசிக்கிறியா, இல்ல பாடைக்கு முன்னால போறியா?”

“அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குச்சுங்க சேர்.”

“மூச்சு வாங்குறவங்க வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும். நீ இனிமே வராத.”

மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். லொறியில் அவரோடு வேலை செய்தவர் அங்கே படுத்திருந்தார். அவருக்கு வாசிக்கத் தொடங்கியதும் வார்டு நர்ஸ் மிஸ்ஸி ஓடிவந்து நிறுத்தச் சொன்னார். அடுத்த வாரம் அதே மிஸ்ஸி, மூலைக் கட்டில்காரர் வலியில் கண்மூடவே இல்லை, அந்தப் பெட்டிக்காரர் எங்கே என்று விசாரித்தார். அன்று முதல் நோயாளி பார்க்கும் நேரமெல்லாம் மாஸ்டர் அங்கேதான். கட்டில் கட்டிலாகப் போவார். வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்கள் கேட்டால் மட்டும் சிரிப்புப் பாட்டு வாசிக்கமாட்டார்.

“தையல் பிஞ்சா டொக்டர் என்னைத்தான் ஏசுவாரு” என்பார்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு இளைப்பு முற்றி அதே வார்டில் சேர்த்தோம். மூச்சு திணறும் பயத்தில் அவர் முகத்திலிருந்த ஒட்சிசன் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். பொருத்தினால் எறிவார், திரும்பப் பொருத்தினால் திரும்ப எறிவார்.

டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். “மாஸ்க் போட விடலன்னா தொண்டைக்குள்ள டியூப் விட்டு மெஷின்ல போடணும். இந்த வயசுல அதைத் தாங்குறது கஷ்டம்.”

நான் அப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மாஸ்டர் வந்தார். அப்பா கண்ணாலேயே அவரை வெளியே போகச் சொன்னார். ஏசுவதற்கு மூச்சு இல்லை. மாஸ்டர் எதையும் கவனிக்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அப்பாவின் நெஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாலன் பிறப்பைப் பாடும் ஒரு நத்தார் பாட்டை எடுத்தார்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. பாட்டு பறந்தது. அப்பாவின் மூச்சு எப்படி அடித்துக்கொண்டதோ அதே வேகத்தில் அக்கோடியனும் விரிந்து சுருங்கியது. பாடகர் குழுத் தலைவர் சும்மா கிடப்பாரா? என் பிடியை உதறி, மாஸ்க்கைக் கிட்ட விடாமல் தட்டிவிட எழுந்த கை பாதியில் இறங்கி, போர்வைமேல் தாளம் போட ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருந்த மிஸ்ஸி மெல்ல மாஸ்க்கைப் பொருத்தினார். அப்பா அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு பேரும் கொஞ்ச தூரம் ஒன்றாக ஓடினார்கள். பிறகு மாஸ்டர் நகக்கண் அளவு வேகத்தைக் குறைத்தார். போர்வைமேல் அப்பாவின் விரலும் வேகம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தார். நெஞ்சு ஏறி இறங்கும் வேகமும் குறைந்தது. தாளம் தப்பாத என் அப்பா, தனக்கே தெரியாமல் மாஸ்டரின் வேகத்துக்கு வந்து சேர்ந்தார். பார்க்கிற நேரம் முடிந்து மணியடித்தபோது மாஸ்க் முகத்திலேயே இருந்தது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, “டியூப் வேணாம்” என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுவிட்டேன்.

மறுநாள் அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர்.

“ஆரு சேர் அந்த மனுசன்? நல்லா வாசிக்கிறாரே.”

அப்பா மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி நெஞ்சை நிமிர்த்தினார். “நம்ம கோயில் ஆளு. நான்தான் பழக்குனேன்.”

சரியாக அந்த நேரத்தில் பெட்டியோடு வாசலில் நின்றார் மாஸ்டர். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் உள்ளே வந்து, அப்பாவின் போர்வையைச் சரிசெய்து, நானா பக்கம் திரும்பினார்.

“ஆமாங்க முதலாளி. எல்லாம் சேர் பழக்குனதுதான்.”

அன்றைக்கு அப்பா முகத்தில் வந்த பெருமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இப்போது ஸ்லோ மாஸ்டரைப் பற்றி யார் விசாரித்தாலும், எங்கள் குடும்பத்து ஆள் என்றே சொல்லிவருகிறேன். நல்லவேளை, இதுவரை அவர் அதையும் மறுக்கவில்லை.