ஆயம்மாள் வீட்டு வெளிச்சம்

மனித குலத்தை இரண்டாகப் பிளந்த கேள்விகள் இரண்டு. கடவுள் உண்டா இல்லையா என்பது ஒன்று. போட்டோ நன்றாக விழுவது பெட்டியாலா, கையாலா என்பது மற்றொன்று. முதல் கேள்வி இன்னும் இழுபறியில் கிடக்கிறது. இரண்டாவதைக் குன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட் தீர்த்துவைத்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஆண்ட அந்தப் பொற்காலத்தில், அங்கே ஹெட்கிளார்க்காக இருந்து அதைக் கண்ணாரக் கண்ட பாக்கியவான் நான்.

பெரியதுரை ‘பெட்டி’ கட்சி. ஜெர்மனியிலிருந்து காமிரா தருவித்திருந்தார். அதைத் தூக்க ஓர் ஆள், முக்காலியைத் தூக்க ஓர் ஆள், தூறினால் அதற்குக் குடை பிடிக்க ஓர் ஆள். அவர் எடுத்த படத்தில் துரைசாணியம்மாளுக்குத் தலை இல்லை. பனிமூட்டம் மறைத்துவிட்டது என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று யாராவது முணுமுணுத்தால், அவர் எஸ்டேட்டில் சம்பளம் வாங்காதவர் என்று அர்த்தம். நான் பனிமூட்டத்தைத்தான் திட்டினேன்.

சின்னதுரை ‘கை’ கட்சி. டப்பாக் காமிரா ஒன்று போதும், கலைஞனுக்குக் கருவி எதற்கு என்பார். அவருடைய கலை என்னவென்றால், மூட்டை சுமக்கும் மூக்கனை மூட்டையோடு வெயிலில் நிறுத்திவைத்து, அவன் மயங்கிச் சாயும்போது எடுப்பது. அதற்கு ‘ஓய்வு’ என்று பெயரும் வைத்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஊட்டி மலர்க்காட்சியில் நடக்கும் போட்டோப் போட்டியில் இருவரும் மோதிப் பார்த்துவிடுவது என்று கிளப்பில் முடிவாயிற்று.

இந்த மகத்தான வேளையில்தான் ஆயம்மாள் குறுக்கே வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். கூலிகள் குடியிருக்கும் லைனில் அவள் வீட்டுக் கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டையாம். மழை வந்தால் நேரே குழந்தைமேல் ஒழுகுமாம். அதற்கு ஏற்கனவே நெஞ்சுச் சளி, மூச்சு இழுக்கிறது, ஆனி மழைக்குள் ஒரே ஒரு தகரம் போட்டுத் தாருங்கள் என்றாள். லைனுக்கென்று தகரம் வந்திருந்தது வாஸ்தவம். ஆனால் அத்தனையையும் போட்டுப் பங்களாவுக்குப் பின்னால் படம் கழுவ இருட்டறை கட்டியாகிவிட்டது. தண்ணீரோ வெளிச்சமோ இம்மியும் நுழையாத அருமையான அறை. கலை பெரிதா, சளி பெரிதா என்று அவளிடம் நியாயமாகத்தான் கேட்டேன். பாமர ஜனம், சளிதான் என்றாள்.

அவள் நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் காலை துரைமாரை லைனுக்கு அழைத்துப் போனேன். காமிரா இல்லாமல் அவர்கள் காலைக்கடனுக்குக்கூடப் போவதில்லை, ஆகவே அவையும் வந்தன.

உள்ளே அடுப்புப் புகை. ஓட்டை வழியாக இறங்கிய வெயில் அந்தப் புகையில் தூண்போல நின்றது. அதன் நடுவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயம்மாள். துரைமார் இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள். அவள் விரலை மேலே நீட்டிக் காட்டினாள்.

“இங்கதானுங்க தொரே. பாருங்க.”

துரைமாருக்குத் தமிழில் அதட்ட வரும், கேட்க வராது. பெட்டியும் கையும் ஒரே நேரத்தில் ‘கிளிக்’ என்றன. ஆயம்மாளுக்கு ஒரே சந்தோஷம். ஓட்டையைப் படம் பிடித்துவிட்டார்கள், இனித் தகரம் வந்துவிடும் என்று லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஊட்டியில் நடுவர்கள் திணறிப்போனார்கள். இரண்டு படமும் ஒன்றுபோலவே இருந்தன. இருவருக்கும் முதல் பரிசு. பெட்டியும் பெரிது, கையும் பெரிது என்று கிளப் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. கூடவே இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது: அடுத்த வருஷப் போட்டியை முன்னிட்டு மேற்படி ஓட்டையை யாரும் அடைக்கலாகாது.

ஆனி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கம்பளிக்குள் குழந்தையைச் சுற்றிக்கொண்டு ஆயம்மாள் என்னைத் தேடி இருட்டறைக்கே வந்துவிட்டாள். குழந்தை மூச்சு விடுவது வாசல்வரை கேட்டது. அவளைத் தேற்றுவதற்காகச் சுவரில் மாட்டியிருந்த பரிசுப் படத்தைக் காட்டி, ‘இறைவனைச் சுட்டும் ஏழை’ என்று அதன் தலைப்பையும் தமிழில் சொன்னேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நான் சாமியக் காட்டுலீங்க. ஓட்டையத்தானுங்க காட்டுனேன்.”

சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள். அவளுக்குக் கலை புரியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. படம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அவள் கேட்ட தகரத்துக்கு அடியில், ஒரு சொட்டுக்கூட நனையாமல்.